என் கப்பல் போனது போனதுதான்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் தாண்டி இந்த வெள்ளவத்தை மண்டபத்துக்கு வந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு, ஆடத் தகுந்ததா, வீண்வேலையா?' இதுதான் தலைப்பு. தகுந்தது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர், அது விளையாட்டே இல்லை, கணக்கு வேலை என்றார். ஆட்களை ஏமாற்ற அனுமதிக்கிற இடம் என்றார். 2003இல் தொடங்கிய ஒன்றில் இன்று போய்ச் சேர்ந்தால் பழைய ஆட்களை எந்தக் காலத்திலும் எட்ட முடியாது என்றும் சொன்னார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் நின்று நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் உள்ள சிசிபி என்ற நிறுவனம் செய்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். சீனாவுக்குத் தனி சேர்வர். மற்ற எல்லா நாட்டுக்காரரும் ஒரே வெளியில்தான் பறக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் நான் விற்கிற தாதுக்கல்லை போலந்துக்காரர் ஒருவர் வாங்கிக் கப்பல் கட்டுவார்.

சரி, கணக்கு வேலைக்கு வருவோம். நான் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கடையில் கணக்கு எழுதுகிறவள். நான்காம் குறுக்குத் தெருவில் காலை ஆறு மணிக்கு லொறிகள் வரிசையில் நிற்கும், நாட்டாமிமார் வெங்காய மூட்டை இறக்குவார்கள். விலை எந்தப் பலகையிலும் இருக்காது. கப்பல் தாமதமானதா, டொலர் ஏறியதா, பக்கத்துக் கடையில் எத்தனை மூட்டை மிச்சம் என்பதை வைத்து விலை நகரும். ஈவில் ஜிட்டா என்ற மண்டலத்தின் சந்தைக்குள் முதல் நாள் நுழைந்தபோது எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வந்தது. அங்கே விற்கிற கப்பலையும் குண்டையும் பெரும்பாலும் ஆடுகிறவர்களே செய்கிறார்கள். ஒருவர் தோண்டுகிறார், ஒருவர் உருக்குகிறார், ஒருவர் கட்டுகிறார், ஒருவர் ஏற்றி வந்து விற்கிறார். எங்கோ ஒரு மூலையில் போர் மூண்டால் ஜிட்டாவில் குண்டு விலை ஏறும். அந்தச் சந்தையைக் கவனிப்பதற்கென்றே 2007இல் சிசிபி ஒரு பொருளியல் கலாநிதியை வேலைக்கு வைத்தது. அவர் பின்னாளில் ஐஸ்லாந்தின் அக்குரேரி பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்கப் போனார். ஆமாம், கணக்கு வேலைதான். ஆனால் ஒரு கடைக்காரியின் மகள் கேட்கிறேன் சகோதரரே, கணக்குப் பார்ப்பதில் சுவை இல்லை என்று யார் உங்களுக்குச் சொன்னது?

இனி ஏமாற்று. இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

2021 ஊரடங்கில் தம்பியோடு சேர்ந்து தொடங்கினேன். மூன்றாம் மாதம், சேர்த்த காசு எல்லாவற்றையும் போட்டுச் சாமான் வாங்கி, பெஜர் என்ற சரக்குக் கப்பலில் ஏற்றினேன். காவல் பலமான பகுதி வழியாகத்தான் பாதை. சரி, பாதுகாப்புத்தானே என்று, கப்பல் தானாகவே ஓடும் தானோட்டத்தில் விட்டுவிட்டு இடியப்பம் பிழியப் போனேன். தானோட்டத்தில் போகிற கப்பல், அடுத்த மண்டலத்துக்குப் பாய்கிற வாசலுக்குச் சில கிலோமீற்றர் முன்னாலேயே இறங்கி, அங்கிருந்து ஊர்ந்து போகும். அது எனக்குத் தெரியாது. திரும்பி வந்து பார்த்தால் திரையில் என் கப்பல் இல்லை. ஆளைக் காக்கும் சின்னக் கூடு மட்டும் இருட்டில் மிதந்துகொண்டிருந்தது. கொன்கோர்ட் என்ற காவற்படை வந்திருந்தது. சுட்டவர்களின் கப்பல்களையும் அழித்திருந்தது. ஆனால் அது நடந்தபின் தண்டிக்கிற படை, நடக்கவிடாமல் தடுக்கிற படை அல்ல. என் சாமான் சிதறிக் கிடந்ததை இன்னொருவன் வந்து அள்ளிக்கொண்டு போனான். கப்பலுக்குக் காப்புறுதிப் பணம் வந்தது. சரக்குக்கு வரவில்லை. அந்த விளையாட்டில் அழிந்த கப்பல் திரும்பக் கிடைக்காது. போனது போனதுதான்.

கையில் மா ஒட்டியிருக்க அந்தத் திரைக்கு முன்னால் நின்று நான் அழுதேன் நடுவர் ஐயா. இதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் நடந்ததையும் கேளுங்கள். எங்கள் குழுவில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், முகம் தெரியாத மனிதர், வேறொரு பெஜரை வாங்கி என் பெயருக்கு அனுப்பினார். பிறகு நான் போன பாதையை ஒவ்வொரு மண்டலமாகத் திறந்து காட்டினார். 'இந்த வாசலில் நேற்று மட்டும் எத்தனை கப்பல் அழிந்திருக்கிறது பார், ஏற்றுகிற சரக்கின் பெறுமதியைப் பார், உன்னைச் சுட வருகிறவனுக்கு அவனுடைய கப்பல் செலவு போக என்ன மிஞ்சும் என்று அவனுடைய இடத்தில் இருந்து கணக்குப் போடு' என்றார். அன்றிலிருந்து, அவனுக்கு இலாபம் மிஞ்சாத அளவுக்கு மட்டும்தான் ஏற்றுகிறேன். இழப்பு உண்மையாக இருக்கிற இடத்தில்தான் உதவியும் உண்மையாக இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளலாம் என்றால் அந்த மனிதர் எனக்கு எதைத் தந்திருக்க முடியும்?

அவர் ஒருவர்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். புதியவர்களுக்கு இலவசமாகக் கற்றுக் கொடுக்கவென்றே ஈவ் யூனிவர்சிட்டி என்ற ஆட்டக்காரர் குழு 2004இலிருந்து இயங்குகிறது. ஏமாற்றுகிறவனைப் பற்றி மட்டும் சகோதரர் சொன்னார். இவர்களையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள் என்று நானும் சொல்லவில்லை. வளர்ந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அப்புறம் நேரம். பழைய ஆட்களை எட்ட முடியாது என்றார். ஈவில் திறன்கள் நிஜ நேரத்தில் வளர்கின்றன. எதைக் கற்க வேண்டும் என்று வரிசை போட்டுவிட்டுக் கணினியை அணைத்துவிடலாம், நீங்கள் தூங்கும்போதும் அது ஓடும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களில், வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோதும் எனக்குப் பயிற்சி நடந்துகொண்டுதான் இருந்தது. வேலைக்குப் போகிற பெண், பஸ்ஸில் ஒரு மணி நேரம் நிற்கிறவள், நாள் முழுக்க ஆடுகிற பையனிடம் இந்த விஷயத்தில் தோற்பதில்லை. அதோடு எந்தத் திறனுக்கும் ஐந்து படிதான். இருபது வருடம் ஆடினவருக்கும் ஆறாம் படி கிடையாது. ஒரு வாரம் ஆடின ஆள் சின்னக் கப்பலில் பாய்ந்து போய், மலை போன்ற எதிரிக் கப்பலைத் தப்பவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம். மற்றவர்கள் வந்து சேரும் வரை அந்தச் சின்னக் கப்பல்தான் முக்கியம்.

நம் ஊர் இணைய வேகத்துக்கு ஓடுமா என்று மண்டபத்துக்கு வெளியே ஓர் அண்ணா கேட்டார். ஓடும். சேர்வர் இலண்டனில் இருந்தாலும் அது ஒரு வினாடிக்கு ஒரு தடவைதான் கணக்கை நகர்த்துகிறது. சுடுகிற விளையாட்டுகளில் போல இமைப்பொழுதுத் தாமதம் உங்களைக் கொல்லாது. காசு? 2016 நவம்பரிலிருந்து இலவசமாகத் தொடங்கலாம். கப்பல் வகைக்கும் திறனுக்கும் அதில் எல்லை உண்டு. முழுச் சந்தா மாதம் 20 டொலர், கிட்டத்தட்ட 6,000 ரூபா. அது பெரிய காசு, தொடக்கத்தில் யாரும் கட்டத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் தனியாக ஆடினால் சலிக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். குழுவில் சேராமல் இதைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒரு சம்பவம். 2014 ஜனவரி 27. பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தைக் கையில் வைத்திருந்த கூட்டணி, அந்த இடத்துக்கான கட்டணத்தைச் செலுத்தத் தவறிவிட்டது. அந்த ஒரு பட்டுவாடா போகாததால் உரிமை விழுந்தது, எதிரிகள் பாய்ந்தார்கள். ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், 21 மணி நேரம். டைட்டன் எனப்படும் மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. அத்தனை பேரையும் தாங்குவதற்காகச் சேர்வர் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்து ஓடியது. உலகச் செய்திகளில் எல்லாம் பெரிய கப்பல்களின் படம் வந்தது. பின்னாளில் அதைப் படித்த நானோ அந்தக் கட்டாத பில்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் ஒரு கொடுப்பனவு விடுபட்டதா என்று இரண்டாம் தடவை பார்க்கிற என் வேலையை, இத்தனை ஆயிரம் பேரின் தலைவிதியாக வேறு எந்த விளையாட்டும் மதித்ததில்லை.

சகோதரரே, இந்த மேடையில் உங்களை மடக்குவதைவிட அங்கே உங்களைச் சந்திப்பது எனக்குச் சந்தோஷம். ஜிட்டாவில் ஒரு வெஞ்சர் வாங்கி வைத்திருக்கிறேன், புதியவர்கள் தாது தோண்டுகிற சின்னக் கப்பல். எல்லாக் கருவியும் பூட்டியாயிற்று. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நானும் தம்பியும் இருப்போம். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

நன்றி, வணக்கம்.