எட்டு வயசுக்கு என்ன புத்தகம்?

(மாவட்டப் புத்தகத் திருவிழா ஒன்றின் மாலை அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

சற்று முன்பு மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து பிடித்துக்கொண்டார். "சார், பையனுக்கு எட்டு வயசு. என்ன புத்தகம் வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க, வெளியே ஆட்டோ நிக்குது" என்றார். 31 வருஷம் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இன்றைக்கும் முழித்தேன். செருப்புக் கடைக்காரர்கூடக் காலைப் பார்க்காமல் அளவு சொல்ல மாட்டார். "பையன் எங்கேம்மா?" என்றேன். "டியூஷன்ல இருக்கான்" என்றார்.

எங்கள் நூலகத்துக்கு எதிர்வரிசையில் ஒரு பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேரைச் சொல்கிறேன். ஒருத்தி சிறுவர் அலமாரியில் இருந்த தெனாலிராமன், மரியாதைராமன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அக்காவின் உறுப்பினர் அட்டையை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் பக்கம் எட்டிப் பார்ப்பாள். இரண்டாமவன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் பாம்பு என்று வந்துவிட்டால், கண்ணாடிவிரியனுக்கும் கட்டுவிரியனுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே பாடம் எடுப்பான். மூன்றாமவன் புத்தகத்தைத் தொடவே மாட்டான். மின்விசிறிக்கு அடியில் உட்காருவதற்காக வருவான். மூன்று பேருக்கும் எட்டு வயசுதான். அந்த அம்மாவுக்கு நான் இவர்களில் யாருக்கான புத்தகத்தைச் சொல்வது?

நூலகம் என்றதும் நினைவுக்கு வருகிறவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றைக்கும் உலகம் முழுக்க நூலகப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். வேலைக்கு வந்து சில வருஷம் கழித்துத்தான் உறைத்தது, அவர் 'அவரவர் வயசுக்கு' என்று சொல்லவே இல்லை.

அது உறைப்பதற்கு நான் ஒரு தப்பு செய்ய வேண்டியிருந்தது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பாவோடு வந்து அன்றுதான் உறுப்பினரானான். அட்டையைக் கையில் வாங்கின குஷியில் நிற்கிறான். நான் பெரிய மனுஷத் தோரணையில் கெட்டி அட்டை போட்ட தலைவர்கள் வரலாறு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதைப் படி, நல்லா வருவே" என்றேன். அப்பாவுக்கும் ரொம்பத் திருப்தி. பதினைந்தாம் நாள் புத்தகம் அப்பா கையில் திரும்பி வந்தது. பையன் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கமே வரவில்லை. அதன்பிறகு புதிதாக யார் வந்தாலும், "என்ன வகுப்பு?" என்பதை விட்டுவிட்டு, "கடைசியா எதைப் படிச்சுச் சிரிச்சே?" என்று கேட்க ஆரம்பித்தேன். "எதுவும் இல்லை" என்பார்கள் பல பேர். அதுவும் ஒரு பதில்தான். அங்கிருந்து தொடங்கலாம்.

கைக்குழந்தைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்த வயசில் புத்தகம் கடிப்பதற்கு. கெட்டி அட்டைப் புத்தகமாக வாங்கிக் கொடுங்கள், கடிக்கட்டும். பாட்டி இருந்தால் 'சாய்ந்தாடம்மா', 'கை வீசம்மா' போதும், பணம் மிச்சம்.

மூன்று வயசுக்கு மேல் படப் புத்தகம் வருகிறது. இதில் பெற்றோர் எல்லோரும் ஒரே மாதிரி அவசரப்படுகிறார்கள். பக்கத்துக்கு ஒரு வரிதான் இருக்கிறது, அதை வாசித்துவிட்டுத் திருப்பிவிடுகிறார்கள். பிள்ளை இன்னும் படத்தின் மூலையில் இருக்கிற எறும்பைப் பார்த்து முடிக்கவில்லை. எரிக் கார்ல் 1969இல் செய்த கம்பளிப்புழுப் புத்தகம் உலகமெங்கும் தெரிந்தது. புழு தின்ற இடமெல்லாம் தாளிலேயே ஓட்டை போட்டிருப்பார். கதையைவிட அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்ப்பதுதான் பிள்ளைக்கு முக்கியம். அதற்கு நேரம் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் நூலகத்தில் படப் புத்தகம் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் ஒரு கதை சொல்வார். புத்தகம் என்னவோ ஒரே புத்தகம்தான். அந்த வயசுக்கு அவரைவிட நல்ல வாசிப்பாளரை நான் பார்த்ததில்லை. பிள்ளை அதே புத்தகத்தை நாற்பதாவது தடவை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். சரி, சலித்துக்கொள்ளுங்கள், ஆனால் வாசியுங்கள்.

இப்போது, உண்மையிலேயே சிக்கலான வயசுக்கு வருகிறேன். ஆறிலிருந்து எட்டு. பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்குகிற இடம். தமிழில் இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வீட்டில் "பூனை பாலைக் குடிச்சிருச்சு" என்கிறோம். புத்தகத்தில் "பூனை பாலைக் குடித்துவிட்டது" என்று இருக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று. ஆறு வயசுக்கு அது ஒன்றில்லை. எழுத்தைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் ஒரு சொல்லைப் பிடித்தால், அது தன் வீட்டில் யாரும் பேசாத சொல்லாக இருக்கிறது. அந்த ஏமாற்றத்தை நாம் கவனிப்பதில்லை, "247 எழுத்தும் தெரியுது, ஆனா படிக்க மாட்டேங்கறான்" என்று புகார் சொல்கிறோம். கூடவே நம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீள்கிறவை. 'ஓடிக்கொண்டிருந்தபோது' என்பது ஒரே சொல். எழுத்துக்கூட்டுகிற பிள்ளை அந்தச் சொல்லின் வாலுக்கு வரும்போது தலையை மறந்திருக்கும்.

அதனால் இந்த வயசுக்குப் புத்தகம் எடுக்கும்போது அட்டையில் என்ன வயசு போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாம். நடுப் பக்கத்தைத் திறந்து, நீளச் சொல் எத்தனை என்று பாருங்கள். பிள்ளையையே ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடத்தில் தடுக்கினால் பரவாயில்லை. வரிக்கு வரி தடுக்கினால், அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். வாங்கக் கூடாது என்றில்லை, யார் வாசிப்பது என்பதுதான் மாறுகிறது. நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம், ஆறாம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யை எடுத்தாலும் அட்டை காட்டிக்கொடுக்காது. 'ஒன்றாம் வகுப்புக்கு' என்று அச்சடித்திருந்தால் எந்தப் பதினோரு வயசுக்காரன் கையில் எடுப்பான்?

அந்தப் பள்ளத்தைத் தாண்ட நம்மிடம் ஒரு பழைய பாலம் இருக்கிறது. பாட்டு. 'ஓடி விளையாடு பாப்பா' பாடாத பிள்ளை உண்டா? அடுத்த அடியில் 'ஓய்ந்திருக்கலாகாது' என்று வருகிறது. எந்த வீட்டில் அப்படிப் பேசுகிறோம்? ஆனால் நாலு வயசுப் பிள்ளை தடுக்காமல் பாடுகிறது. காதில் முதலில் விழுந்த சொல் கண்ணில் படும்போது அது தெரிந்த முகம். அழ. வள்ளியப்பாவை நான் இன்றைக்கும் ஆறு வயசுக்குக் கொடுப்பது இதற்காகத்தான். ராயவரத்தில் 1922இல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதியவர். அவருடைய பாட்டுத் தொகுப்பு 'மலரும் உள்ளம்' 1944இல் வந்தது. சின்னச் சின்னச் சொல், சட்டென்று முடிகிற அடி, நடுவில் ஒரு வேடிக்கை. சில பாடல்களில் உபதேசம் கொஞ்சம் தூக்கல்தான், அவற்றைத் தாண்டிப் போய்விடுவேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

உபதேசம் என்றதும் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பதிப்பாளர்களும் இருக்கிறீர்கள். கதை முடிந்ததும் பெட்டி கட்டி 'நீதி' என்று போடுகிறீர்களே, அது யாருக்காக? வாங்குகிற அப்பாவுக்காக. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சார், நீதியைப் படிக்காம திருப்பிக் கொடுத்தா ஃபைன் உண்டா?" இல்லை என்று சொன்னதும் முகத்தில் என்ன நிம்மதி!

எட்டு ஒன்பது வயசில் வாசிப்பு பிடித்துவிட்டால் அடுத்து வருவது பசி. ஒரே மாதிரிப் புத்தகமாகக் கேட்பார்கள். மாயாவி வேண்டும், இன்னொரு மாயாவி வேண்டும். தடுக்காதீர்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தபோது எனக்கு ஒன்பது வயசு. கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து முதுகில் வாங்கியிருக்கிறேன். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஊகிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். "காமிக்ஸெல்லாம் படிப்பா சார்?" என்று கேட்கிற அப்பாக்களிடம் அவர்கள் சின்ன வயசில் என்ன படித்தார்கள் என்று கேட்பேன். பாதிப் பேர் அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள்.

இதே வயசுக்கு 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. மாஸ்கோ புத்தகங்கள் மலிவு விலையில் வந்த காலத்தில் நம்மிடம் வந்தது. ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ரஸ்கின் உடம்பு சரியில்லாத தன் மகளுக்குச் சொன்ன கதைகள். அப்பா புதுப் பந்தை மோட்டார் காருக்கு அடியில் உருட்டிவிட்டது, நாயைப் பழக்கப் போய் மாட்டிக்கொண்டது. எல்லாக் கதையிலும் அப்பா தப்பு செய்கிறார். பிள்ளைகளுக்கு அதில் இருக்கிற ஆனந்தத்தைச் சொல்ல முடியாது.

அந்த மின்விசிறிப் பையனை மறக்கவில்லை. ஆறு மாதம் அவனுக்கு நான் எதையும் நீட்டவில்லை. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சத்தமாக வாசிப்பேன், அவன் ஓரமாக இருப்பான். ஒருநாள், ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளி நாட்களைச் சொல்கிற 'டோட்டோ-சான்'. அந்தச் சிறுமி தன் பணப்பையைக் கழிவறைக் குழிக்குள் தவறவிட்டுவிட்டு, நீளக் கரண்டியால் உள்ளே இருப்பதையெல்லாம் வாரி வெளியே குவிக்கிறாள். அந்தப் பக்கமாக வந்த தலைமையாசிரியர் திட்டவில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரித்தார்கள். மணியாகிவிட்டது, பாதியில் மூடிவிட்டேன். வாசலில் நின்று அவன் கேட்டான்: "பர்ஸ் கிடைச்சுதா?" "நீயே பார்த்துக்கோ" என்று கையில் கொடுத்தேன். அதுதான் அவன் எடுத்துப்போன முதல் புத்தகம்.

பெரியவர்கள், குறிப்பாக ஆசிரியர்கள், அந்தப் புத்தகத்தைக் கல்விமுறை பற்றிய புத்தகமாகவே பேசுகிறார்கள். ரயில் பெட்டி வகுப்பறை, சுதந்திரம், எல்லாம் சரி. எனக்கு அதில் முக்கியமான இடம் வேறு. பள்ளியில் சேர வந்த முதல் நாள், அந்தத் தலைமையாசிரியர் கோபயாஷி ஒரு சின்னப் பெண் பேசுவதை நான்கு மணிநேரம் கொட்டாவி விடாமல் கேட்கிறார். நமக்கு நான்கு நிமிஷம் இருக்கிறதா? வெளியே ஆட்டோ நிற்கிறது.

பாம்புப் பையனுக்குப் பெரியவர்களுக்கான பாம்புப் புத்தகத்தையே கொடுத்தேன். "இவனுக்கு அது புரியுமா?" என்று உதவியாளர் கேட்டார். புரியவில்லை. படத்துக்குக் கீழே இருந்த வரியை மட்டும் படித்தான். பிறகு அந்த வரி சொல்கிற பத்தியைத் தேடினான். புத்தகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதித் தாளில் அந்த வருஷம் அவன் எடுத்த தேதிகள் மட்டும்தான் வரிசையாக இருந்தன.

பதினொன்று பன்னிரண்டுக்கு மேல் பிள்ளைகள் நிஜத்தைக் கேட்கிறார்கள். கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கொடுக்கலாம். பறவை முட்டை சேகரித்துக்கொண்டு கரிசல் காட்டில் திரிகிற பையனின் கதை. வட்டார வழக்குக்குப் பயப்படாதீர்கள், முன்பு சொன்ன பள்ளம் அங்கே இல்லை, புத்தகமே பேசுகிறது. கேள்வி கேட்டதற்காக அடி வாங்குகிற மாணவியின் கதையான இரா. நடராசனின் 'ஆயிஷா'வைப் பிள்ளைகளுக்கு முன் ஆசிரியர்கள் படித்துவிடுங்கள், வலிக்கும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் வாங்கியது. தவறான தொடுதல் பற்றிப் பிள்ளைக்குப் புரிகிற விதத்தில் பேசுகிற நாவல். ஒரு தாய் அதைத் திருப்பிக்கொண்டு வந்து, "இதெல்லாம் இந்த வயசுக்குத் தேவையா?" என்றார். "நீங்க படிச்சீங்களா?" என்றேன். அட்டையின் பின்பக்கத்தை மட்டும் படித்திருந்தார். அன்றைக்கே திரும்ப எடுத்துப்போனார். மறுவாரம் வந்து, அதைப் பற்றி எதுவும் சொல்லாமல், இரண்டாவது மகளுக்கும் ஓர் உறுப்பினர் அட்டை போட்டுக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த வயசு, பதிமூன்றிலிருந்து பதினாறு, தமிழில் வறண்டு கிடக்கிறது. சிறுவர் அலமாரி சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரிகிறது, பெரியவர்கள் அலமாரி தூரத்தில் இருக்கிறது. பலர் ஒரே தாவாகப் 'பொன்னியின் செல்வ'னுக்குப் போகிறார்கள், தாவ முடியாதவர்கள் செல்போனுக்குப் போகிறார்கள். எழுதுகிறவர்கள் இருந்தால் இந்த இடத்துக்கு எழுதுங்கள், இடம் காலியாக இருக்கிறது.

விலை பற்றிக் கேட்பீர்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். 1948ஆம் வருஷச் சட்டத்திலிருந்து தொடர்கிற ஏற்பாடு அது. பணம் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அந்த அம்மா இன்னும் பந்தலில் இருக்கிறாரா தெரியவில்லை. இருந்தால், நாளைக்கு டியூஷன் முடிந்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நுழைவாயில் பக்கம் இருப்பேன். எந்த அரங்கில் அவன் கால் நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆட்டோவை மட்டும் அனுப்பிவிடுங்கள்.