விடை தெரிந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

குறுக்கெழுத்து என்றதும் 'யானையின் வேறு பெயர்' என்று கேட்டு 'களிறு' என்று நிரப்புகிற கட்டம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. கிரிப்டிக் என்கிறார்களே, குறிப்பே நம்மைத் திசை திருப்பி விளையாடுமே, அந்த வகையைப் பற்றி.

ஒன்று சொல்கிறேன், யோசியுங்கள். 'கறந்ததுடன் அரை டஜன் சேர்ந்தும் வறண்டு கிடக்கும் நதி.' மூன்று எழுத்து.

வேலூரிலிருந்து காட்பாடிக்குப் பாலத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒருவர், நான் முடிப்பதற்குள் "பாலாறு" என்றார். எப்படிங்க என்றேன். "மணலாக் கிடக்கிற ஆறு வேற எது சார்?" சரி, அரை டஜன் எதற்கு? "ஆறு பேர் சேர்ந்து மணல் அள்ளியிருப்பாங்க."

சிரித்தோம். ஆனால் அவர் புதிரை அவிழ்க்கவில்லை, ஊகித்தார், அவ்வளவுதான். கறந்தது பால். அரை டஜன் என்பது ஆறு, எண்ணிக்கையில் வரும் ஆறு. 'சேர்ந்தும்' என்ற சொல் இரண்டையும் ஒட்டுகிறது. மிச்சமிருக்கும் 'வறண்டு கிடக்கும் நதி' நேரடிப் பொருள். குறிப்பின் ஒரு பாதி விடைக்குப் பொருள் சொல்ல வேண்டும், மறு பாதி விடையைக் கட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வழியிலும் போய் ஒரே வாசலில் நின்றால்தான் விடை. ஏதாவது ஒரு சொல் வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், ஒன்று நமக்குப் புரியவில்லை, அல்லது அமைத்தவர் சரியாக அமைக்கவில்லை.

லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் முதல் கட்டப் புதிரை வெளியிட்டார். அதில் சூதுவாது கிடையாது. திசை திருப்புகிற குறிப்புகள் 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தவை.

சொல்லை உடைத்துக் கேட்பது மட்டும் நமக்குப் புதிதில்லை. தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில், சொல்லையும் எழுத்தையும் வைத்து விளையாடும் சித்திரகவி வகைகளில் வினாவுத்தரம் என்று ஒன்று உண்டு. அதற்கு உதாரணமாக ஒரு வெண்பா. பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் விடும் சரத்துக்கு என்ன பெயர்? அம்பு. அழகுக்கு? அம். கடைசிக் கேள்வி: பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? திரு, ஏகு, அம்பு, அம். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், திருவேகம்பம். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில்தான். நான்கு கேள்விகள் சொல்லைக் கட்டுகின்றன, ஐந்தாவது நேரடிப் பொருள்.

இதை வைத்து எல்லாம் நம்மிடமே இருந்தது என்று நான் மார் தட்டவில்லை. ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த வெண்பாவின் கடைசிச் சொல்லே 'திருவேகம்பம்'. விடையைப் புலவர் கையில் கொடுத்துவிடுகிறார். அது எப்படி விடையாகிறது என்று பார்ப்பதில்தான் கேட்பவருக்கு ருசி. வெள்ளைக்காரர் விடையை ஒளித்து வைத்தார், நம்மவர் ஒளிக்கக்கூட இல்லை.

நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருவண்ணாமலையின் அருணகிரிநாதரைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. வாதில் தோற்றவர் காதை அறுப்பவராம் வில்லிபுத்தூரார். அருணகிரியார் கந்தரந்தாதியைப் பாடப் பாட, இவர் உடனுக்குடன் உரை சொல்லிக்கொண்டே வந்தார். 54ஆம் பாட்டு முழுக்கத் தகர வரிசை எழுத்துகளாகவே வந்தது. வில்லியார் வாயடைத்துப் போனார். தோற்ற வில்லியாரின் காதை அருணகிரியார் அறுக்காமல் விட்டதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்தப் பாட்டுக்கு அவரே சொல் சொல்லாகப் பிரித்து உரை சொன்னார். புதிர் போட்டவர் அப்படிச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இன்னொன்று. 'மன்னன், தலையில்லாச் சட்டையோடு சிறையிருந்த இடம்.' இதுவும் மூன்று எழுத்து. மன்னன் 'கோ'. சட்டையின் தலையெழுத்தை எடுத்தால் 'ட்டை'. கோட்டை. பொதுவாகக் கோட்டைக்கு 'சிறையிருந்த இடம்' என்று பொருள் சொன்னால் தளர்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டியின் கடைசி மன்னன் விக்கிரம ராஜசிங்கன், 1832இல் இறக்கும்வரை வேலூர்க் கோட்டையில்தானே சிறைப்பட்டிருந்தான்? உள்ளூர்க்காரர்கள் இதைத் தள்ள மாட்டார்கள்.

கோட்டை வந்தால் அகழி வர வேண்டும். அகழிக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் அழகி வந்து நிற்பாள். 'அழகி குழம்பினால் தண்ணீர்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். குழம்பினால் என்றால் எழுத்துகளை இடம் மாற்றிப் போடு என்று அர்த்தம். எழுதக் கூடாது. அழகியில் இருப்பவை அ, ழ, கி. அகழியில் இருப்பவை அ, க, ழி. 'கி'யின் மேல்விலங்கைக் கழற்றி 'ழ'வுக்கு மாட்ட நமக்கு உரிமையில்லை. பால் என்பதும் ஆறு என்பதும் சேர்ந்து பாலாறு ஆகலாம், அது புணர்ச்சி விதி. மேல்விலங்கை மாற்றுவது திருட்டு. சிலர் இதில் தாராளமாக இருக்கிறார்கள், நான் இல்லை.

நேரமாகிவிட்டது. போகும்முன் ஒன்று தருகிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். 'சம்மதம் சொல்லி மலர் வாங்கி ஊர்க்கோடிக்கு வந்தால் பிரியாணி மணக்கும் இடம்.' நான்கு எழுத்து. ஊரின் பெயர் உங்கள் நாக்கில் ஏற்கெனவே ஊறியிருக்கும். நிலையத்துக்கு எழுதும்போது அதோடு நிறுத்தாதீர்கள். ஊர்க்கோடியில் என்ன இருந்தது என்றும் எழுதுங்கள்.