மிமிக்ரிக்கு அகப்படாத குரல்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது. குரலைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியில் மிமிக்ரிப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பதினெட்டுப் பையன்கள் மேடையேறினார்கள். பதினெட்டுப் பேரும் ரஜினி செய்தார்கள். பாதிப் பேர் நம்பியார் செய்தார்கள். ஒருவன் எம்.ஆர். ராதாவைச் செய்து கைதட்டலை அள்ளிக்கொண்டு போனான். மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் சும்மா கேட்டுவைத்தேன்: "தம்பிகளா, டெல்லி கணேஷ் யாருக்காவது வருமா?"

எம்.ஆர். ராதா செய்த பையனே எழுந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஒரு வரி சொல்லிப் பார்த்து நிறுத்தினான். மறுபடி ஒரு வரி. அப்புறம், "சார், எங்க பெரியப்பா மாதிரி வருது சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தப் பையன் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் அவன் போட்ட பிள்ளையார் சுழிதான்.

மிமிக்ரி செய்கிறவனுக்கு ஒரு பிடி வேண்டும். ஒரு இழுப்பு, ஒரு உறுமல், ஒரு சிரிப்பு, வாக்கியத்தைப் பாதியில் ஒடிக்கிற ஒரு வழக்கம், இப்படி ஏதாவது ஒன்று கையில் சிக்க வேண்டும். டெல்லி கணேஷின் குரலில் அப்படிப் பிடி கிடையாது. தெருவில் நாலு வீடு தள்ளி, காலையில் பேப்பரை மடித்துக்கொண்டே பால்காரரிடம் கணக்குக் கேட்கிறாரே ஒரு மனிதர், அவர் குரல். அதை வைத்துக்கொண்டு ஒருவர் நானூறு படங்களுக்கு மேல் நடித்திருக்கிறார். பிடி இல்லாததுதான் அவருக்குக் கிடைத்த பெரிய வசதி என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பாத்திரத்துக்குப் போனாலும், போன படத்தின் குரல் கூடவே வந்து வாசலில் நிற்காது.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். டெல்லி அவருடைய ஊர் அல்ல. வல்லநாட்டுக்காரர். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில், வெளிமான் சரணாலயம் இருக்கிற ஊர். 1944 ஆகஸ்ட் முதல் தேதி பிறந்தவர். 1964-லிருந்து பத்து வருஷம் இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் சேர்ந்து தமிழ் நாடகம் போட்டார். அப்புறம் சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்தார். 1977-ல் கே. பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அறிமுகப்படுத்தினார். டெல்லி என்று முன்னொட்டுப் போட்டதும் பாலசந்தர்தான். ஏற்கெனவே ஒரு சிவாஜி கணேசன், ஒரு ஜெமினி கணேசன் கோலோச்சிய கோடம்பாக்கத்தில் வெறும் கணேசனாக நுழைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ஒரு குறை சொல்வார்கள். "அவரா, எப்பப் பார்த்தாலும் ஐயர் வேஷம்தானே?" சரி, ஐயர் வேஷத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஐயர்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

ஒருவர் 1987-ல் வந்த 'நாயகன்' படத்து ஐயர். பம்பாய். கடத்தலும் கத்தியுமாக இருக்கிற ஒரு கூட்டத்துக்குள் இவர் மட்டும் ஏதோ கம்பெனிக் குமாஸ்தா மாதிரி இருப்பார். குரல் எங்கேயும் உயராது. நாயக்கர் பேசும்போது, கணக்கெழுதுகிறவர் முதலாளியின் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார். போலீஸ் அடித்துப் போட்டபிறகு கட்டுகளோடு படுத்திருக்கும் காட்சி நினைவிருக்கிறதா? படம் முழுக்க அடங்கியே இருந்த குரல் அங்கே ஒரே ஒரு முறை உடையும். அதுவரை சேர்த்து வைத்திருந்ததை அந்த ஒரு இடத்தில் செலவழித்தார். நடுவில் எங்கேயாவது அவசரப்பட்டுக் கத்தியிருந்தால் இந்த இடத்தில் கையில் காசே இருந்திருக்காது.

இன்னொருவர் 1990-ன் 'மைக்கேல் மதன காமராஜன்'. பாலக்காட்டு மணி ஐயர், சமையல்காரர். இவர் பேசுவது பாலக்காட்டுத் தமிழ். தமிழ் எழுத்தில் எழுதலாம், தமிழ்க் காதால் புரிந்துகொள்ளலாம், ஆனால் ராகம் மலையாளத்துடையது. வாக்கியம் இறங்க வேண்டிய இடத்தில் ஏறும். சொல்லின் கடைசி அசை கொஞ்சம் நீண்டு, ஒரு குலுக்கலோடு நிற்கும். வல்லநாட்டில் பிறந்தவருக்கு இது தாய்ப்பேச்சு இல்லை. நெல்லைத் தமிழுக்கு இதற்கு நேர்மாறான வேகம். கிரேஸி மோகன் எழுதிய வசனத்தை இந்த ராகத்தில் பேச வேண்டும், சிரிப்பு விழுகிற இடமும் தப்பக்கூடாது. எதிரே நிற்பவர் கமல்ஹாசன், அவரும் அதே ராகத்தில் பேசுகிறார். இரண்டு பேர் ஒரே சுருதியில் பாடும்போது ஒருவர் அரை இழை விலகினாலும் காது கண்டுபிடித்துவிடும். அந்தக் கல்யாணச் சமையல், சாம்பாரில் மீன் விழுகிற அமளி, இன்றைக்கும் டிவியில் வந்தால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறோம். அங்கே மணி ஐயர் காமெடி செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். தொழிலில் மானம் போகப்போகிறதே என்று ஒரு சமையல்காரர் பதறுகிறார், அவ்வளவுதான். சிரிப்பது நம் பாடு.

அடுத்தவர் 1996-ன் 'அவ்வை சண்முகி'யில் வரும் சேதுராம ஐயர். இவர் வேறு ஜாதி ஆள், ஜாதி என்று நான் சொல்வது குணத்தை. முதலாளி முன்னால் நெய், முதுகுக்குப் பின்னால் கணக்கு. முந்தைய இருவருக்கும் இல்லாத ஒரு வழவழப்பு இந்தக் குரலில் உண்டு. மூன்று பேரும் ஒரே மாதிரி வேட்டி, ஒரே மாதிரி நெற்றி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மூன்று தனித்தனி ஆட்கள்.

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு 1979-க்குப் போவோம். துரை இயக்கிய 'பசி'. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற முனியாண்டி, குப்பம்மாவின் அப்பா, நம் டெல்லி கணேஷ்தான். சினிமாவில் சென்னைத் தமிழ் என்றால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? 'இன்னாபா', 'பேஜாரு', 'நாஸ்டா' என்று நாலு சொல்லை மிளகாய்த்தூள் மாதிரித் தூவிவிடுவார்கள், முடிந்தது. சொல்லை வைத்து மட்டும் குப்பத்துக்குள் போக முடியாது. நாள் முழுக்கப் பெடல் மிதித்தவன் மூச்சு எப்படி இருக்கும், வீட்டுக்குள் குனிந்து நுழைந்தபிறகு எவ்வளவு சத்தத்தில் பேசுவான், இதெல்லாம் தெரிய வேண்டும். அந்த வேஷத்துக்குத் தமிழக அரசு அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது. சினிமாவுக்கு வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த நேரம். அதற்குப் பிறகு அப்படி ஒரு வேஷத்தை அவருக்கு எத்தனை பேர் கொடுத்தார்கள்? நமக்கு வசதியான பெட்டி ஒன்று கிடைத்துவிட்டது, அதில் போட்டு மூடிவிட்டோம். இந்தக் குறையை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

'அபூர்வ சகோதரர்க'ளில் நாகேஷ், ஜெய்சங்கர், நாசரோடு நான்காவது வில்லனாக பிரான்சிஸ் அன்பரசு. 'தெனாலி'யில் பொறாமை பிடித்த மனநல மருத்துவர் பஞ்சபூதம். பட்டியல் போட்டால் ராத்திரி ஆகிவிடும், விட்டுவிடுகிறேன். ஆனால் 'சிந்து பைரவி'யை விட முடியாது.

1985. ஜே.கே.பி. என்கிற பெரிய பாடகருக்கு மிருதங்கம் வாசிக்கிற குருமூர்த்தி. குடிப்பவர். குடித்துவிட்டு வந்ததற்காக ஜே.கே.பி. அவரை வாசிக்க விடமாட்டார். குடிகாரனாக நடிப்பது நம் சினிமாவில் ரொம்ப சுலபமான வேலை. நாலு அடி தள்ளாட்டம், கொஞ்சம் நாக்குழறல், ஒரு விக்கல், கைதட்டல். நிஜத்தில் குடித்தவன் என்ன செய்கிறான்? குடிக்கவில்லை என்று காட்டிக்கொள்ளத்தான் உயிரைக் கொடுப்பான். சொற்களை ரொம்ப ஜாக்கிரதையாக எடுத்து வைப்பான். மேட்டில் வண்டி ஏற்றுகிறவன் மாதிரி நிதானம். அந்த நிதானம்தான் அவனைக் காட்டிக்கொடுக்கும். குருமூர்த்தியிடம் நான் பார்த்தது அதைத்தான். வித்தை கையில் இருக்கிறது, உட்கார இடமில்லை. அந்த அவமானத்தை அவர் பெரிதாக அழுது தீர்க்கவில்லை. பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழுந்து கிடக்கும்போது, முதலில் நமக்கு ஞாபகம் வருவது இந்த மிருதங்கக்காரரின் முகம். துணை வேஷக்காரர் ஒருவர் கதாநாயகனின் வீழ்ச்சிக்கு அளவுகோல் ஆகிவிடுகிறார்.

அப்புறம், குரல். நடிகர் முகத்தோடு வரும் குரல் இல்லை, முகமே இல்லாத குரல்.

எங்கள் காலத்தில் வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒன்று உண்டு. முழுப்படத்தையும் ஒரு மணி நேரமாகச் சுருக்கிச் சத்தத்தை மட்டும் போடுவார்கள். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு கேட்போம். தியேட்டரில் அழகாக இருந்த பலபேர் அதில் வெளுத்துப்போவார்கள். சண்டைக்காட்சியில் வெறும் 'டிஷ்யூம்' மட்டும் கேட்கும். ஆனால் சிலர் ரேடியோவிலும் அப்படியே நிற்பார்கள். நாடகத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை. கடைசி வரிசையில் காலணா டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிற கிழவருக்கும் கேட்க வேண்டும், ஆனால் கத்தக்கூடாது என்பது மேடை கற்றுக்கொடுக்கிற பாடம்.

1981-ல் பாலசந்தர் '47 நாட்கள்' எடுத்தார். சிவசங்கரியின் நாவல். ஜெயப்பிரதாவைக் கல்யாணம் செய்து பாரிசுக்குக் கூட்டிப்போகிறவனாக சிரஞ்சீவி. அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி. அந்த இளம் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் டெல்லி கணேஷ். இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. போய் மறுபடி படத்தைப் பார்த்தேன். தெரிந்துகொண்டு கேட்டாலும், 'அட, ஆமாம்' என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. நாம் மனதில் வைத்திருக்கிற அந்த அப்பா, பெரியப்பா குரல் எங்கே போயிற்று? தேனாகப் பேசிக்கொண்டே ஒரு பெண்ணைக் கூண்டில் அடைக்கிற இளைஞன் குரல் அது.

டப்பிங் தியேட்டருக்குள் போனவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அந்தக் காலத்தில் படத்தைத் துண்டு துண்டாக லூப் போட்டு ஓட்டுவார்கள். ஒரே துண்டு திரும்பத் திரும்பத் திரையில் வரும். இருட்டில் மைக்குக்கு முன்னால் நின்று, எப்போதோ எங்கேயோ நடித்து முடித்துவிட்ட இன்னொருவரின் உதட்டைப் பார்த்து இவர் பேச வேண்டும். ப, ம வந்தால் திரையில் உதடு ஒட்டியிருக்க வேண்டும். 'யாதனின் யாதனின் நீங்கியான்' என்று உதடு ஒட்டாத குறளைப் பள்ளிக்கூடத்தில் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறோம் இல்லையா? டப்பிங்காரர்களுக்கு அது வேடிக்கை இல்லை, பிழைப்பு. உதடாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். மூச்சு? அந்த நடிகர் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாரோ அந்த இடத்தில் இவரும் வாங்க வேண்டும். தன் சொந்த மூச்சைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொருவர் மூச்சில் பேசுகிற வேலை அது. அதையும் செய்து, பாத்திரத்தின் பொய்யையும் குரலில் கொண்டுவர வேண்டும். ஒழுங்காகச் செய்துவிட்டால் இவர் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். டைட்டிலில் சிகை அலங்காரத்துக்குப் பெயர் வரும், புரொடக்‌ஷன் சாப்பாட்டுக்குக்கூட நன்றி வரும். யாருக்கு யார் குரல் கொடுத்தார் என்று எத்தனை பழைய படங்களில் பார்த்திருக்கிறீர்கள்? பாதி நடிப்பு காதுக்குள் நடக்கிற ஒரு கலையில் இது அநியாயம்.

1994-ல் கலைமாமணி கிடைத்தது. சின்னத்திரைக்கும் போனார். வயதான பிறகு குறும்படம் எடுக்கிற சின்னப் பையன்கள் கூப்பிட்டாலும் போய் நடித்தார்.

2024 நவம்பர் 9, சனிக்கிழமை ராத்திரி காலமானார். எண்பது வயது. விமானப்படையிலிருந்து வந்து அவர் உடலுக்கு மரியாதை செய்தார்கள். பார்த்தவர்கள் பலருக்கு அன்றைக்குத்தான் அவர் படையில் இருந்ததே தெரிந்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கீழே செய்தி வரி நகர்கிறது, மேலே பாலக்காட்டு மணி ஐயர் பதறுகிறார். துக்கச் செய்தி என்று தெரிந்தும் நானும் என் பையனும் சிரித்துவிட்டோம். ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. சினிமாக்காரர் யார் போனாலும் "பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர். அன்றைக்குப் போகவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பசங்கள்லாம் வந்து சேந்துட்டாளாமா? எத்தனை மணிக்கு எடுக்கறாளாம்?" என்று கேட்டார்.