பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்

(பாம்பனில் நடந்த பழைய பாடல் மாலையில் பேசியது. அன்று வர முடியாமல் போன நண்பர்கள் கேட்டார்கள் என்று எழுதினேன். மேடையில் சொன்ன வரிசையிலேயே விட்டிருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, ஆலயத் திருப்பலி முடித்த கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கீழக்கரையிலிருந்து நோன்புக் களைப்போடும் வந்திருக்கும் ஜமாத் தலைவர் பாய் அவர்களே, இந்த மேடைக்கு விளக்கும் தண்ணீரும் ஏற்பாடு செய்துகொடுத்த ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டியிருந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிற நாட்டுப்படகுக்கார அண்ணன்மார்களே, பாசி எடுத்துவிட்டுக் கை காய்வதற்குள் வந்துவிட்ட அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம். நூலகர் அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். அவர்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். மைக் செட் தம்பிக்கும் வணக்கம். மேடையில் யாரும் அவரைக் கும்பிடுவதில்லை. இன்று நான் பேசப்போவதே அவருடைய தொழிலின் முன்னோர்களைப் பற்றித்தான், அதனால் அவருக்கு இரண்டு வணக்கம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, அந்தக் காலத்துப் பாடகர்கள் ஒரு பாட்டுக்குள் என்ன வேலை செய்தார்கள் என்பது. இரண்டாவது, அந்தப் பாட்டு நம் கரைக்கு எப்படி வந்து சேர்ந்தது. மூன்றாவது, அந்தப் பாட்டுகளைக் காப்பாற்ற நூலகர் அம்மாவிடம் கேட்கப்போகிற வேலை.

எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும். பாடப் பாட ராகம், மூட மூட ரோகம். பாட்டை வெளியே விட்டால் வளரும், நோயை மூடி வைத்தால் வளரும். இதை இன்று நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பாடகர்கள். நம் கரையில் வாழைப்பழத்தை வாளப்பளம் என்போம், மழையை மள என்போம். நானும் அப்படித்தான் பேசி வளர்ந்தேன். ழகரத்துக்கு நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது வகுப்பறை இல்லை, சுசீலா அம்மாவின் குரல். அவர் பிறந்தது ஆந்திரத்து விஜயநகரத்தில், தாய்மொழி தெலுங்கு. பி.பி.ஸ்ரீனிவாஸ் காக்கிநாடாக்காரர். டி.எம்.சௌந்தரராஜன் மதுரையில் பிறந்தவர்தான், ஆனால் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். இவர்கள் மூன்று பேரும் பாடிய தமிழில் ஒரு ல, ஒரு ள, ஒரு ழ இடம் மாறியிருக்கிறதா, கேட்டுப் பாருங்கள். பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தையும் வாயில் போட்டு உருட்டிப் பழகாமல் அது வராது. சுசீலா அம்மா ஆறு மொழிகளில் 17,695 பாட்டுகள் பதிவு செய்தவர் என்று 2016இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் போனதே அவருக்குத்தான், 1968இல் வந்த உயர்ந்த மனிதன் படத்துக்காக. விருது கிடக்கட்டும். எனக்கு அந்த ழகரம் போதும்.

டி.எம்.எஸ் சிவாஜிக்குப் பாடும்போது ஒரு குரல், எம்.ஜி.ஆருக்குப் பாடும்போது இன்னொரு குரல். இது எல்லோருக்கும் தெரியும். எப்படிச் செய்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து கனமாக எழும்பி வரும், எம்.ஜி.ஆருக்கு அதே குரல் லேசாகி மேலே ஏறிப் பளீரென்று நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் திரையில் யார் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். இதையெல்லாம் அவர்கள் எந்த வசதியில் செய்தார்கள்? வாத்தியக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பாடகரும் அங்கேயே நிற்பார், மொத்தப் பாட்டும் ஒரே ஓட்டமாகப் பதிவாகும். பாட்டின் கடைசி வரியில் தபேலா ஒரு தட்டு தப்பினால்கூட எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. இன்றைக்கு மாதிரி ஒரு வரியை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று மூன்றரை நிமிஷம்தான் அடங்கும் என்பதால் படத்தில் இருக்கிற ஒரு சரணம் சில நேரம் தட்டில் இருக்காது. அந்த மூன்று நிமிஷத்துக்குள் ஒரு வாழ்க்கையை வைத்தார்கள்.

நாகூர் ஹனிபாவைச் சொல்லாமல் இந்தக் கரையில் இறங்க முடியாது. பேரில் நாகூர் இருந்தாலும் 1925இல் அவர் பிறந்தது நம் இராமநாதபுரத்தில். 1961இல் வந்த பாவ மன்னிப்பு படத்தில் டி.எம்.எஸ்ஸோடு சேர்ந்து பாடியிருக்கிறார். பாய் தலையாட்டுகிறார்கள், சந்தோஷம். ஏர்வாடி சந்தனக்கூட்டில் அவர் பாட்டு கேட்ட காதுதான் அடுத்த மாதம் மாதா கோயில் கொடியேற்றத்தில் சீர்காழி கோவிந்தராஜனின் பாட்டையும் கேட்டது. நமக்கு இரண்டும் ஒரே ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வந்தது.

இப்போது கரைக்கு வருகிறேன். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். மத்திய அலை வானொலி உப்புத்தண்ணீர் மேல் நன்றாக ஓடும், காய்ந்த மண்ணில் அவ்வளவு தூரம் போகாது. அதனால்தான் நமக்கு இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்டது. 1952இல் பி.வி.கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு நம் நாட்டு வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார்கள், 1957 அக்டோபரில் விவித பாரதி என்ற பாட்டு ஒலிபரப்பு வரும்வரை அப்படித்தான் கிடந்தது. மூட மூட ரோகம். நாடே கடல் தாண்டிப் போய்ப் பாட்டுக் கேட்டது. நாம் போகவே வேண்டாம், அது நம் வீட்டுக்கே வந்தது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது என்று ஒவ்வொருவரும் படத்தின் பேர், பாடியவர் பேர், எழுதியவர் பேர், இசையமைத்தவர் பேர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். வலை பின்னிக்கொண்டே அந்தப் பேர்களை மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

ஒரு கதை சொல்கிறேன். தலைவர் ஐயா மணி பார்க்காமல் கேட்க வேண்டும்.

1972 வாக்கில் எனக்குப் பத்து வயது. மண்டபத்துக்கு வடக்கே வடகடல் ஓரத்தில் எங்கள் சின்னம்மாவுக்குக் கல்யாணம். ஊருக்கு அப்போது கரண்ட் கிடையாது. உச்சிப்புளியிலிருந்து மைக் செட் மாமா மாட்டுவண்டியில் வந்தார், பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய், சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டி, துணி சுற்றிய ரெக்கார்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. குழாயைப் பனைமரத்தில் ஏற்றிக் கட்டினார்கள். சாவி கொடுக்கிற வேலை எனக்கு. இரும்பு ஊசி ஒரு பக்கம் ஓடினால் மழுங்கிவிடும், உடனே மாற்ற வேண்டும், ஊசி டப்பாவும் என் பொறுப்பில்தான். பொழுது சாய்கிற நேரம், மறுநாள் விருந்துக்குக் கட்டி வைத்திருந்த கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தலுக்குள் பாய்ந்தது. ஊரே அதைத் துரத்துகிறது, அது நேராக என்மேல் வருகிறது, டப்பா பறந்து கடற்கரை மணலில் கொட்டிவிட்டது. பெட்ரோமாக்ஸை வைத்துக்கொண்டு இருபது பேர் மணலைச் சலிக்கிறார்கள், ஓர் ஊசிகூடக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்கச்சிமடத்திலிருந்து வள்ளத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள். பாட்டில்லாமல் அவர்களை இறக்கினால் சம்பந்தி அந்த வள்ளத்திலேயே திரும்பிவிடுவார், அப்படிப்பட்ட மனிதர்.

மைக் செட் மாமா ஒன்றும் பேசவில்லை. பந்தலுக்குப் பின்னால் நின்ற உடைமரத்தில் வெள்ளை முள்ளாக நாலு ஒடித்தார், பெட்ரோமாக்ஸ் சூட்டில் காட்டி ஈரம் போக்கினார், பிளேடால் நுனியைச் சரித்துச் சீவி, ஊசி இருக்கிற இடத்தில் முள்ளை வைத்துத் திருகினார். தட்டில் வைத்தார். பாட்டு வந்தது! ஆனால் சன்னமாக வந்தது. அதே நேரம் பேட்டரியும் இறங்கிவிட்டது, பனைமரத்துக் குழாய் இரண்டும் ஊமை. பெட்டியின் சத்தம் மட்டும்தான், அதுவும் முள் சத்தம். இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் பாடுகிற மாதிரி. முதலில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், அப்புறம் பிள்ளைகளை அதட்டினார்கள், அப்புறம் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். இருநூறு பேர் இருந்த பந்தலில் கடல் சத்தமும் அந்தப் பாட்டும்தான். சம்பந்தி வள்ளத்திலிருந்து இறங்கி, பாட்டுச் சத்தமே இல்லையே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார், பந்தல் வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

தட்டு முடிந்ததும் எங்கள் அப்பத்தா கேட்டது, “பாடுன புள்ள பேரு என்னப்பா?” யாருக்கும் தெரியவில்லை. மாமா பெட்ரோமாக்ஸ் பக்கத்தில் தட்டைத் தூக்கிப் பிடித்து நடுவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார், பி.சுசீலா. “இனிமே பேரச் சொல்லிட்டுப் போடுங்க, யாரு பாடுறானு தெரியாம எப்படிக் கேக்குறீக?” என்றது அப்பத்தா. அன்று விடிய விடிய ஒவ்வொரு தட்டுக்கும் பேர் சொன்னார். ஒரு பக்கத்துக்கு ஒரு முள், நான் விடியும்வரை முள் ஒடித்தேன்.

அன்று ஓடிய தட்டுகளில் படகோட்டிப் பாட்டும் ஒன்று. 1964 நவம்பரில் வந்த படம், வாலி எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ் பாடியது, கடலில் பிழைக்கிறவன் பாடு. அடுத்த மாதம் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் தின்றது. ரயிலோடு ஜனம் போனது. என் அம்மாவின் அண்ணன் அங்கேதான் இருந்தார். ஊர் ஊராக அது படத்துப் பாட்டு, நம் கரைக்கு மட்டும் அது ஒப்பாரி. அந்தத் தட்டைப் போட்டதும் அம்மா எழுந்து கடல் பக்கம் போய்விட்டது. பாட்டு முடிந்த பிறகு வந்து, இன்னொரு தடவை போடச் சொன்னது. டி.எம்.எஸ் அந்தப் பாட்டில் அழவே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? துடுப்புப் போடுகிறவன் மூச்சு எப்படி வருமோ அப்படி வரியை நிறுத்தி நிறுத்திப் பாடுகிறார். கரைவலை இழுக்கும்போது நம் ஆட்கள் பாடுகிற அம்பாவில் இருக்கிற அதே இழுப்பு. அழுகையைக் கேட்கிறவனுக்கு விட்டுவிட்டார்.

சரி, நூலகர் அம்மா, இப்போது உங்கள் வேலை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் வீட்டுப் பரண்களில் இந்தத் தட்டுகள் கிடக்கின்றன. பழைய மைக் செட்காரர் வீடுகளில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. உப்புக்காற்றில் பூஞ்சை பிடிக்கிறது, ஓட்டுச் சூட்டில் வளைகிறது, போன வருஷம் ஒரு வீட்டில் பாட்டுத் தட்டுகளை எடைக்குப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். மூட மூட ரோகம் என்று அப்பத்தா சொன்னது இதற்கும்தான். நாம் வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு பத்து பைசா நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். அந்தக் காசில் நம் ஊர் நூலகத்தில் ஓர் அறை கேட்கிறேன், பாட்டு அறை. நிமிஷத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடுகிற ஒரு பிளேயர், அந்தத் தட்டுக்கென்று இருக்கிற அகலமான முள், தட்டுகளை நிறுத்தி வைக்க ஈரம் புகாத அலமாரி, பாட்டைக் கணினியில் ஏற்ற ஒரு பிள்ளை. ஒவ்வொரு பாட்டுக்கும் பேர்கள் எழுத ஒரு பேரேடு. வாசித்தவர்கள் பேர் தட்டில்கூட இல்லை, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

சட்டம் என்ன சொல்லும் என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு. 1964 வரை வந்த தட்டுகளுக்கு அது முடிந்துவிட்டது. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி, அது அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். அதனால் விற்க வேண்டாம், இணையத்தில் போட வேண்டாம். நூலகத்துக்குள் உட்கார்ந்து கேட்பதற்குத்தான் கேட்கிறோம், அதற்கும் முறைப்படி அனுமதி வாங்கிக்கொள்வோம்.

தட்டு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். லேசான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, நடுச்சீட்டில் ஈரம் படக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்.

மேடைக்கு இடப்பக்கம் மேசையில் மனு இருக்கிறது, பங்குத்தந்தையும் பாயும் முதல் இரண்டு கையெழுத்து போட்டுவிட்டார்கள், ஊராட்சித் தலைவர் அம்மா மூன்றாவது போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தட்டு இருந்தால் வருகிற ஞாயிறு காலை நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். கீறல் விழுந்ததும் பரவாயில்லை. இரண்டாக உடைந்ததையும் தூக்கிப்போட வேண்டாம், நடுச்சீட்டில் பேர் இருக்கும்.

மைக் செட் தம்பி, அந்தத் தட்டைப் போடுங்கள். நான் பேர் சொல்லப்போவதில்லை. முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்தப் பாட்டி கையைத் தூக்குகிறார்கள் பாருங்கள், மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.