கம்பெனி ஓடுமா, நடக்குமா?

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ரன். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரு சொல்லின் விளக்கத்தைத் திருத்தி எழுத, அதன் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியது. அதற்கு முந்தைய 1989 பதிப்பில் செட் என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது, 430 பொருளோடு.

645ஐயும் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். காலால் ஓடுவது நேர்ப்பொருள், சரி. அந்த ஓட்டத்துக்குள் என்ன இருக்கிறது? நிற்காமல், தடைபடாமல் போய்க்கொண்டே இருப்பது. அதை மட்டும் எடுத்து ஆங்கிலம் தண்ணீருக்குக் கொடுத்தது, இயந்திரத்துக்குக் கொடுத்தது, கணினி நிரலுக்கும் கொடுத்தது. நமக்கும் இது புதிதில்லை. ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனசு சரியில்லாத நாளில் 'ஒண்ணுமே ஓடல' என்கிறோம். காலே இல்லாத இத்தனையையும் நாமும்தான் ஓடவிட்டிருக்கிறோம்.

இரண்டு மொழியும் பிரிகிற இடத்தில்தான் மொழிபெயர்ப்பவருக்குக் கால் இடறும். ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். அமெரிக்காவில் தேர்தலுக்கு ஓடுகிறார்கள், நாம் தேர்தலில் நிற்கிறோம். பிரிட்டனிலும் நிற்கத்தான் செய்கிறார்கள், ஒரே மொழிதான், ஒரு நாடு ஓடுகிறது, இன்னொன்று நிற்கிறது!

அப்புறம் இந்தக் கம்பெனி. கொஞ்ச நாள் முன்னால் ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன், அதில் ஒரு பெரிய தொழிலதிபரைப் பற்றி 'அவர் மூன்று நிறுவனங்களை ஓட்டுகிறார்' என்று இருந்தது. அகராதிப்படி தப்பே இல்லை. ஆனால் தமிழ்க் காதுக்கு அந்த மனிதர் ஏதோ தள்ளாடித் தள்ளாடிப் பிழைப்பது போலக் கேட்கிறது, ஏனென்றால் 'எப்படி இருக்கீங்க' என்றால் 'ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்' என்று சொல்கிறவர்கள் நாம். காலத்தை ஓட்டுவோம், குடும்பத்தை ஓட்டுவோம், எல்லாவற்றிலும் ஒரு பற்றாக்குறை ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் பிடி இருக்கிறது, தெம்பாகச் செய்கிறார் என்றால் அது 'நடத்துகிறார்'. ஆங்கிலத்துக்காரர் ஓடவைக்கிற கம்பெனியை நாம் நடக்கவைக்கிறோம், நடத்து என்பதே நட என்பதிலிருந்து வந்ததுதானே. அந்த ஒரு சொல்லை மாற்றியதும் தொழிலதிபர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

தலைமுடிக்குள் விரலை ஓட்டுவது என்று ஆங்கிலத்தில் நாலைந்து சொல் சேர்த்துச் சொல்வார்கள், நம்மிடம் 'கோது' என்று ஒரே சொல் இருக்கிறது. அதை மறந்துவிட்டு 'விரல்களை ஓடவிட்டாள்' என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு காகிதத்தின் மேல் கண்ணை ஓட்டுவது என்றால் ஆங்கிலத்தில் மேலோட்டமாகப் பார்ப்பது. நாமும் அப்படிச் சொல்கிறோம். ஆனால் கண் ஓடுவதிலிருந்து பிறந்த 'கண்ணோட்டம்' இன்றைக்கு நமக்குப் பார்வைக் கோணம், திருக்குறளில் அந்தத் தலைப்பில் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது, 58ஆவது, அங்கே அதற்குப் பொருள் இரக்கம். ஒருவர் மேல் கண் போனது, போனபின் அவரை மறுக்க மனம் வரவில்லை. அந்த ஓட்டம்.