இலுப்பைப்பூவும் இனிப்புக் குளிசையும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இப்போதே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயலாளர் அவர்களே, கிளினிக் முடித்த கையோடு சாப்பிடாமல்கூட வந்திருக்கும் பிரதம விருந்தினர் டொக்டர் அம்மா அவர்களே, கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, மூதூரிலிருந்து வெயிலில் பஸ் மாறி வந்த ஆசிரியர்களே, இந்த வாசிகசாலைக்கு இரண்டு மின்விசிறி தந்த ஐயா அவர்களே (ஒன்று சுற்றுகிறது, அதற்கும் நன்றி), எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

சீனிக்குப் பதிலாகத் தேத்தண்ணிக்குள் போடுகிற குளிசை, டயட் சோடா, இதெல்லாம் உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: இது எங்கிருந்து வந்தது, புற்றுநோய் வருமா, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா. அதற்கு முதல், ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை. பின்வரிசையில் என் மனைவி தலையில் கை வைப்பது தெரிகிறது.

1879இல் அமெரிக்காவில் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருட்களோடு மாரடித்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். பாண் இனித்தது. அதுதான் சாக்கரின். 1965இல் இன்னொருவர் குடற்புண் மருந்து தேடிக்கொண்டிருந்தபோது, தாள் புரட்ட விரலை நக்கினார். அஸ்பார்டேம் கிடைத்தது, சீனியைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு. கை கழுவாத இரண்டு பேரின் புண்ணியம்!

சரி, புற்றுநோய். சாக்கரினால் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததென்று 1970களில் பெரிய கூச்சல். அது எலியின் உடம்புக்கே உரிய காரணத்தால் வந்தது என்று பிற்பாடு தெரிந்து, 2000இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகத்தை எடுத்தார்கள். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அஸ்பார்டேமை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி வகுப்பில் போட்டது. அதே வகுப்பில் ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் இருக்கிறது, ஊறுகாய்ப் போத்தலைக் கண்டு யாரும் ஓடவில்லை. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்ற பழைய அளவை இன்னொரு நிபுணர் குழு மாற்றவே இல்லை. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட 9 முதல் 14 டின் டயட் சோடா குடிக்க வேண்டும். பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

ஆனால் அதே ஆண்டு மே மாதம் அந்த நிறுவனம் சொன்ன இன்னொன்று யாருடைய காதிலும் ஏறவில்லை: எடையைக் குறைக்க இந்த இனிப்புகளை நம்பாதீர்கள், நீண்ட காலத்துக்குப் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆலோசனை இல்லை, அவர்கள் டொக்டர் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் சித்தப்பா கேட்கவில்லை. உவர்மலையில் இருக்கிறார், பத்து வருடமாகச் சீனி வருத்தம். சட்டைப்பையில் எப்போதும் அந்தச் சின்ன வெள்ளை டப்பா, தலையில் அமுக்கினால் 'டிக்' என்று ஒரு குளிசை விழும். தம்பலகாமத்தில் ஒரு கலியாண வீடு. தேத்தண்ணி வந்தது. சித்தப்பா நாலு பேர் பார்க்கும்படி டப்பாவை எடுத்து அமுக்குகிறார், விழவில்லை. மறுபடியும் அமுக்குகிறார், இல்லை. கதிரைக் கையில் ஒரு தட்டுத் தட்டினார் பாருங்கள், மூடி கழன்று பத்துப் பதினைந்து குளிசை கோப்பைக்குள்ளே நுரைத்துக்கொண்டு போயின! காசு கொடுத்து வாங்கியது, ஊற்ற மனமில்லை, குடித்தார். பந்தியில் ரசம் இனிக்கிறது, மோர் மிளகாய் இனிக்கிறது, சமையல்காரரோடு சண்டைக்கே போய்விட்டார். அது கிடக்கட்டும். போகும்போது தொதல் தட்டு வந்தது, மூன்று துண்டு எடுத்தார். சித்தி முறைத்தார். "தேத்தண்ணியில சீனி போடேல்லத்தானே, அந்தக் கணக்கில சாப்பிடுறன்" என்றார். இந்தக் கணக்கால்தான் எடை குறைவதில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, இலுப்பைப்பூவை வைத்துக்கொண்டு சர்க்கரையையும் தின்றால்?

2016இலிருந்து நம் இலங்கையில் சோடாப் போத்தலில் நிறப் புள்ளி போடுகிறார்கள். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை. அந்தப் புள்ளி சீனியை மட்டுமே எண்ணுகிறது. குளிசை இனிப்புப் போட்டால் பச்சை வந்துவிடும், பிள்ளை பச்சையைப் பார்த்து வாங்குகிறான். ஏன் வாங்குகிறான்? தாகம், ஐயா. பங்குனி சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு குவளை தண்ணீர் கிடைக்குமா? தண்ணீர் இல்லாத ஊருக்குப் பச்சைப் புள்ளிச் சோடாதான் தண்ணீர்! திருவிழாவுக்குத் திருவிழா தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், மூன்றாம் நாள் தடியைப் பிடுங்கிவிடுகிறோம். நான்கு வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். பந்தல் வருடம் முழுக்க நிற்க வேண்டும்: இரண்டு மண்பானை, வடிகட்டிய தண்ணீர், வெள்ளிக்கிழமைகளில் உப்புப் போட்ட மோர்.

பிள்ளைகளைப் பற்றிய மூன்றாவது விஷயத்துக்குச் செயலாளர் நேரம் தர மாட்டார் போலிருக்கிறது, துண்டு வந்துவிட்டது. பானை வாங்கியாயிற்று, மூடிதான் இல்லை. குழாய் கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்து வையுங்கள், பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், போன தடவை மூன்று பேனா போய்விட்டது.