கசியும் செப்புக்குழாய் இணைப்பைச் சரிசெய்தல்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர் பலருக்கு, நிலவறையின் கூரையடியில் ஓடும் செப்புக் குழாய்கள் புதியவை. ஊரில் பி.வி.சி. குழாயைப் பசை தடவி ஒட்டிப் பார்த்தவர்கள் நாம். இங்கோ குழாயும் எல்போவும் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) சேரும் இடத்தைப் பற்றாசு, அதாவது சால்டர் எனும் எளிதில் உருகும் உலோகக் கலவையை, உருக்கி அடைத்திருப்பார்கள். அந்த இணைப்பின் விளிம்பில் பச்சைப் படிவம் பூத்து, நீர் சொட்டத் தொடங்கினால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

கசிகிற இடத்தின் மேலேயே இன்னும் கொஞ்சம் பற்றாசை உருக்கி வைத்துவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். அது நிலைக்காது. இணைப்பின் வலிமை வெளியே தெரியும் வளையத்தில் இல்லை. குழாய்க்கும் எல்போவுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கில், நுண்புழை ஈர்ப்பால் உள்ளே இழுக்கப்பட்டுப் படரும் பற்றாசில்தான் இருக்கிறது. கசிந்த இடுக்கு ஈரமாகவும் களிம்பேறியும் இருப்பதால், மேலே பூசியது உள்ளே இறங்காது.

முதல் எதிரி, குழாயில் தேங்கிய நீர். ஈயமற்ற பற்றாசு உருக ஏறத்தாழ 220 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். உள்ளே நீர் இருக்கும்வரை செம்பு 100 பாகையை ஒட்டியே நின்றுவிடும், கிளம்பும் ஆவியோ உருகிய பற்றாசில் ஊசித்துளை போட்டுவிடும். ஆகவே முதன்மை வால்வை மூடி, வீட்டின் மிகத் தாழ்ந்த குழாயையும் மேல்மாடிக் குழாயையும் திறந்து நீரை முழுவதும் வடிக்க வேண்டும். வால்வு பழையதாகி நீர் துளித்துளியாக வந்துகொண்டே இருந்தால், மேலோடு நீக்கிய வெள்ளை ரொட்டியை உருட்டிக் குழாய்க்குள் திணிப்பது இங்குள்ள பிளம்பர்களின் பழைய உத்தி. வேலை முடியும்வரை அது நீரை உறிஞ்சி நிற்கும். பிறகு கரைந்து வெளியேறிவிடும்.

அடுத்து, எல்போவைச் சூடாக்கி இடுக்கியால் கழற்றி, குழாய் முனையில் உருகி நிற்கும் பழைய பற்றாசைப் பருத்தித் துணியால் துடைத்து, ஆறிய பின் உப்புத்தாள் கொண்டு செம்பு பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். எல்போ மலிவானது, புதிதாகவே வாங்கிவிடுங்கள். செம்பில் களிம்பேறாமல் காத்துப் பற்றாசைப் படரவிடும் ஃப்ளக்ஸ் பசையை மெல்லிதாகத் தடவிப் பொருத்தியபின் தீச்சுடரை எல்போவின் மேல் காட்டி, பற்றாசுக் கம்பியை எதிர்ப்பக்கத்தில் தொட்டுப் பாருங்கள். செம்பின் சூட்டிலேயே கம்பி உருகினால் அதுவே பதம். சுடர் அளவுக்கு மீறினால் ஃப்ளக்ஸ் கருகிவிடும், பற்றாசு முத்துமுத்தாகத் திரண்டு உதிரும். அரை அங்குலக் குழாய்க்கு ஏறத்தாழ அரை அங்குல நீளக் கம்பி போதும். இறுகும்வரை அசைக்காதீர்கள், மிஞ்சிய ஃப்ளக்ஸை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அதுவே பின்னாளில் செம்பை அரிக்கும்.

அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றாசைத் தடுக்கும் சட்டத்திருத்தம் 1986-இல் வந்தது. மின்னணு வேலைக்கு வைத்திருக்கும் பற்றாசுச் சுருளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை இதற்கு எடுக்கவே கூடாது. மர உத்திரத்தை ஒட்டிய இணைப்பென்றால் பின்னால் தீத்தடுப்புத் துணியைத் தொங்கவிட்டு, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். சுவருக்குள் சுடர் நுழைய இடமே இல்லையென்றால், அழுத்திப் பொருத்தும் இணைப்பானை வாங்கிப் போடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இணைப்பு தானாக ஆறியபின் வால்வை மெல்லத் திறந்து, அதன்மேல் ஒரு காகிதக் கைக்குட்டையைச் சுற்றி வையுங்கள். சிறு ஈரத்தையும் அது காட்டிக்கொடுக்கும். குழாய் வாயிலுள்ள சிறு சல்லடையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் குளிர்நீரை ஓடவிட்டால், ரொட்டித் துணுக்கும் ஃப்ளக்ஸும் அதனுடன் போய்விடும்.